தெருவில் காணாமல்போன குருவி, ரோட்டோரம் மேயும் வரையாடு: அழிவாபத்தை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “எங்கள் தெருவில் சிட்டுக்குருவியைப் பார்த்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. ஆனால் அது ‘கவலை குறைந்த இனம்’ என்கிறார்கள். போன மாதம் மூணாறு போயிருந்தபோது ராஜமலையில் ரோட்டோரமாகவே இருபது முப்பது வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அது ‘அருகிய இனம்’ என்கிறார்கள். இதையெல்லாம் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்களா?”

எண்ணவும் செய்கிறார்கள். ஆனால் எத்தனை இருக்கிறது என்பது மட்டும் தனியாக நின்று பெரிதாக எதையும் சொல்லிவிடாது. நீங்கள் பார்த்ததும் சரி, பட்டியலில் இருப்பதும் சரி. ‘அரிதாக இருக்கிறதா’ என்பது ஒரு கேள்வி, ‘அழியப்போகிறதா’ என்பது இன்னொரு கேள்வி. பேச்சுவாக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அரிது என்பதிலேயே பல தினுசு உண்டு. டெபோரா ராபினோவிட்ஸ் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர் 1981-ல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். ஒரு உயிரினத்தைப் பற்றி மூன்று விஷயம் கேளுங்கள் என்றார்: அது பரவியிருக்கும் நிலப்பரப்பு பெரிதா சிறிதா? பலவகை இடங்களில் வாழுமா, ஒரே வகை இடம்தான் வேண்டுமா? இருக்கும் இடத்திலாவது நிறைய இருக்கிறதா? மூன்றுக்கும் இரண்டிரண்டு விடை என்றால் மொத்தம் எட்டுக் கட்டங்கள். அதில் ஒன்றே ஒன்றுதான் ‘எங்கும் சாதாரணமாகக் காணப்படுவது’. மீதி ஏழும் ஏதோ ஒரு விதத்தில் அரிது. வரையாட்டை இந்தக் கட்டங்களில் வைத்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி தொடங்கி அகத்தியமலைப் பக்கம் வரை, வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதிலும் உயரத்துப் புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்த இடங்கள் மட்டும். ஆனால் அங்கே போனால் மந்தையாக நிற்கும். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. ராஜமலையில் நீங்கள் பார்த்தது அந்தத் தினுசு. அதுவும் மனிதரைப் பார்த்து ஓடாமல் ரோட்டோரம் நிற்கப் பழகிய மந்தை. அதனால்தான் உங்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது.

இனி ஆபத்துக்கு வருவோம். ஐ.யு.சி.என் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் ‘சிவப்புப் பட்டியல்’ வைத்திருக்கிறது. முதல் முப்பது வருடம் அது பெரும்பாலும் நிபுணர்களின் அபிப்பிராயம்தான். யானையை ஆராய்பவருக்கு யானைதான் பெரிய கவலை, தவளையை ஆராய்பவருக்குத் தவளை. ஜார்ஜினா மேஸ், ரஸ்ஸல் லாண்டே என்ற இருவர் 1991-ல் ஒரு யோசனை சொன்னார்கள்: எந்த உயிரினமாக இருந்தாலும் ஒரே அளவுகோல் வைப்போம், அந்த அளவுகோலில் எண்கள் இருக்கட்டும். அதிலிருந்து வளர்ந்த விதிகளை 1994-ல் ஏற்றார்கள். 2001-ல் திருத்திய பதிப்புதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பறவைகளுக்கு பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல், மற்றவற்றுக்கு அந்தந்த உயிரினத்துக்கான நிபுணர் குழுக்கள் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

அளவுகோல் ஐந்து. எவ்வளவு வேகமாகக் குறைகிறது. பரப்பு எவ்வளவு சுருங்கிச் சிதறியிருக்கிறது. எண்ணிக்கை சிறியதாக இருந்து மேலும் குறைகிறதா. குறையாவிட்டாலும் மிக மிகச் சிறியதா. கணித மாதிரி வைத்துப் பார்த்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் அழிய எத்தனை சதவீத வாய்ப்பு. ஐந்தாவதைப் பயன்படுத்தும் அளவுக்குத் தரவு கிடைப்பது அபூர்வம் என்பதால் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஐந்திலும் தேறவேண்டும் என்று இல்லை. ஏதாவது ஒன்றில் மாட்டினாலே போதும், எதில் நிலைமை மிக மோசமோ அந்த வகைதான் அந்த உயிரினத்துக்கு. ‘அழிவாய்ப்பு இனம்’, ‘அருகிய இனம்’, ‘மிக அருகிய இனம்’ என்று படி ஏறும்.

என்னைக் கேட்டால் இந்த ஐந்தில் முதலாவதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி புரிந்துவிடும். பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்தில் 30 சதவீதம் குறைந்தால் அழிவாய்ப்பு, 50 சதவீதம் குறைந்தால் அருகியது, 80 சதவீதம் குறைந்தால் மிக அருகியது. தலைமுறைக் கணக்கை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எலிக்குப் பத்து வருடம் ஒரு யுகம். யானைக்கு அது கன்று வளர்ந்து முடிக்கவே போதாது. ஆசிய யானை நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தும் அருகிய இனமாக இருப்பது, மூன்று தலைமுறையில், அதாவது சுமார் 60-75 வருடத்தில், பாதிக்குமேல் குறைந்திருக்கும் என்ற மதிப்பீட்டால்.

இந்த அளவுகோல் என்ன செய்யும் என்பதற்குப் பாறு கழுகைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எண்பதுகளில் வெண்முதுகுப் பாறுதான் உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருக்கும் பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு மாடு செத்துக்கிடந்தால் போதும், வானம் கறுத்துவிடும். 1991-93 காலத்தில் வட இந்தியச் சாலைகளில் வண்டி ஓட்டிக்கொண்டே இரைகொல்லிப் பறவைகளை எண்ணும் வேலை ஒன்று நடந்தது. பாறுவைப் பற்றி யாரும் அப்போது கவலைப்படவில்லை, மற்ற பறவைகளோடு சேர்த்து அதையும் எண்ணி வைத்தார்கள். அவ்வளவுதான். பிறகு ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் தலை தொங்கி உட்கார்ந்திருப்பதையும் கூடுகள் காலியாவதையும் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்துச் சொன்னபோது, அதே சாலைகளில் மறுபடி ஓட்டி ஒப்பிட முடிந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் போய்விட்டிருந்தது. ஆயிரத்தில் ஒன்று மிச்சம். அந்தப் பழைய நோட்டுப்புத்தகக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால், ‘முன்னெல்லாம் நிறைய இருந்ததே’ என்ற பேச்சுதான் மிஞ்சியிருக்கும்.

காரணம் 2004-ல் பிடிபட்டது. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி. மருந்து போட்டு ஓரிரு நாளில் மாடு செத்து, அதைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் பழுதாகும். அறுத்துப் பார்த்தால் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருக்கும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே போதும், இத்தனை சரிவும் வரும் என்று கணக்கு காட்டியது. ஏனென்றால் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஐந்து வருடம்போல ஆகும், ஒரு சடலத்தில் ஐம்பது அறுபது பறவை ஒன்றாக உட்கார்ந்து தின்னும். கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடைசெய்தது.

நான் சொல்லவந்தது இதுதான். 2000-ல் வெண்முதுகுப் பாறுவை ‘மிக அருகிய இனம்’ என்று அறிவித்தபோது பல்லாயிரம் பறவைகள் பறந்துகொண்டிருந்தன. புலியைவிட, வரையாட்டைவிடப் பல மடங்கு. ஆனாலும் அவை இரண்டையும்விட ஒரு படி மேலே ஆபத்தில் வைத்தார்கள், பிற்பாடு நடந்தது அதைச் சரியென்று காட்டியது. ஓட்டைப் பானையில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஒழுகுகிறது என்று பார்ப்பவனுக்குத்தான் பானை எப்போது காலியாகும் என்று தெரியும். (தமிழ்நாட்டில் இன்று பாறுவைப் பார்க்கவேண்டுமானால் நீலகிரிச் சரிவில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்துக்குத் தினமும் வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறு இப்போது வருவதில்லை.)

சிட்டுக்குருவிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்கா, பிறகு மனிதன் கொண்டுபோய் விட்ட அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பரப்பு கண்டம் கண்டமாக விரிகிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த லட்சக்கணக்கான பட்டியல்களை வைத்து, நாட்டளவில் சிட்டுக்குருவி பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. உங்கள் தெருவில் கான்கிரீட் வீட்டுக்குப் பொந்து இல்லை, முற்றத்தில் புடைக்கும் அரிசி இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லை. உங்கள் தெருவைப் பொறுத்தவரை அது அற்றுவிட்ட இனம்தான். சிவப்புப் பட்டியல் உலகத்தை ஒட்டுமொத்தமாகப் பார்க்கிறது, தெருவைப் பார்ப்பதில்லை. நாட்டளவில், மாநில அளவில் தனிப் பட்டியல் போடுவதற்கு வேறு வழிகாட்டு விதிகள் இருக்கின்றன, நம்மிடம் அந்த வேலை இன்னும் குறைவு.

சரி, எண்ணுவது எப்படி? வரையாட்டையே எடுத்துக்கொள்கிறேன், ஒருமுறை தன்னார்வலனாகக் கூடப் போன அனுபவம் உண்டு. வால்பாறைக்கு மேலே புல்மலை. விடிகாலை இருட்டிலேயே கிளம்பினோம். நான், இன்னொரு மாணவர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர். நோட்டில் பேனா எழுதாது, காகிதம் பனியில் நனைந்துவிடும், பென்சில்தான். முதல் ஒரு மணி நேரம் மஞ்சுக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காவலர் திடீரென்று என் தோளைத் தொட்டு, “சார், அந்தக் கறுத்த பாறைக்கு வலப்பக்கம் பாருங்க, ஒன்னு நின்னு நம்மளத்தான் பாக்குது” என்றார். எனக்குப் பாறை மட்டும்தான் தெரிந்தது. சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம்தான் பாறை நகர்ந்தது. பதினொன்று. முதுகில் வெள்ளி படர்ந்த பெரிய கிடா ஒன்று, பெட்டைகள் ஆறு, குட்டிகள் நான்கு. நேரம், திசை, மந்தையின் அமைப்பு எல்லாவற்றையும் எழுதினோம்.

அரைமணி நேரம் கழித்து அதே பாதையில் இன்னொரு குழு வந்தது. நாங்கள் என்ன பார்த்தோம் என்று அவர்களிடம் சொல்லக்கூடாது. இது வீண் வேலை என்று எனக்கு அப்போது தோன்றியது. மாலையில் முகாமில் உட்கார்ந்து ஒப்பிட்டபோதுதான் விஷயம் விளங்கியது. எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன்: முதல் குழு 30 மந்தை பார்த்தது, இரண்டாவது குழு 28. இரண்டு குழுவும் பார்த்தவை 24. அப்படியென்றால் இரண்டாவது குழு கண்ட 28-ல் 24-ஐத்தான் முதல் குழு பிடித்திருக்கிறது; ஏழில் ஆறு. ஏழில் ஆறு பங்கு 30 என்றால் முழுசும் 35. யாருமே பார்க்காத மந்தை ஒன்று அந்த மலையில் இருக்கிறது என்று, மலையை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம். 30-ம் 28-ம் சேர்ந்து 34 மந்தைதான் கண்ணில் பட்டிருக்கிறது, பாருங்கள். கண்ணில் படாததையும் கணக்கில் கொண்டுவருவதுதான் இந்த முறையின் சூட்சுமம்.

புலிக்கும் அடிப்படை இதே தர்க்கம். அதற்குப் பதிலாக நாம் பல காலம் காலடித்தடத்தை நம்பினோம். தடத்தைப் பார்த்தே இது இன்ன புலி என்று சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2004-ல்கூடப் பதினைந்துக்கு மேல் புலி இருப்பதாகக் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, வேட்டையில் போய்விட்டிருந்தன. அதன்பிறகுதான் தானியங்கிக் கேமராவில் பதியும் வரிகளை வைத்து அடையாளம் காணும் முறை நாடு முழுதும் வந்தது. மனித விரல்ரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. திரும்பத் திரும்பச் சிக்கும் புலி எத்தனை, ஒருமுறை மட்டும் சிக்கியது எத்தனை என்பதிலிருந்து சிக்காததை மதிப்பிடுகிறார்கள்.

வரையாட்டுக்கு 2025-ல் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்ததில் 2,668 என்று வந்தது. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. தமிழ்நாட்டில் முந்தைய வருடம் 1,031. ‘ஒரே வருடத்தில் இவ்வளவு கூடிவிட்டது’ என்று செய்தி போட்டார்கள். பெட்டை ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும், ஒரு வருடத்தில் கால்வாசி கூடுவது லேசான காரியம் இல்லை. இரண்டாம் வருடம் கணக்கெடுத்த இடங்களும் கூடின. எண்ணிக்கை கூடியதா, எண்ணியது கூடியதா என்று கேட்காமல் இப்படிப்பட்ட செய்தியை நம்பாதீர்கள். இன்னொன்று: பட்டியலுக்கு வேண்டியது குட்டியையும் சேர்த்த மொத்த எண்ணிக்கை இல்லை, இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் இருப்பவை மட்டும். அது 2,500-க்குக் கீழே, சிறு சிறு கூட்டமாகச் சிதறி, மேலும் குறைகிறது என்றால் அருகிய இனம். பட்டியலில் வரையாட்டைப் பற்றிய கவலை அந்தச் சிதறல்தான். ஒரு மலையின் ஆடு இன்னொரு மலைக்குப் போக நடுவில் தேயிலை, தைல மரம், புல்வெளியை விழுங்கிய சீகைக் காடு. இருபது ஆடு உள்ள ஒரு பாறைமுகட்டில் ஒரு நோய் வந்தால் அங்கே கதை முடிந்தது, பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

சிறு கூட்டம் என்பதே ஏன் ஆபத்து என்பதற்கு அமெரிக்காவில் ஹீத் ஹென் என்ற கோழியினத்தின் கதையைச் சொல்வார்கள். மார்த்தாஸ் வினியார்டு என்ற ஒரே தீவில் ஐம்பது போல மிஞ்சியபோது, 1908-ல் அதற்கென்று சரணாலயம் அமைத்தார்கள். வேட்டை நின்றது. சில வருடங்களில் சுமார் இரண்டாயிரமாகப் பெருகியது. பிறகு 1916-ல் அடைகாக்கும் பருவத்தில் பெருந்தீ, அடுத்து வல்லூறுகள் வந்த ஒரு கடும் குளிர்காலம், அப்புறம் நோய். கடைசி ஒற்றைச் சேவலை 1932-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. யாரும் சுடவில்லை, காட்டை யாரும் வெட்டவில்லை. எல்லாம் ஒரே கூடையில் இருந்தது, அவ்வளவே.

‘தரவு போதாது’ என்று ஒரு வகை இருக்கிறது, அதைப் பலர் ‘ஆபத்தில்லை’ என்று படித்துவிடுகிறார்கள். தப்பு. பரீட்சைக்கே வராதவனைத் தேறியவர் கணக்கில் சேர்ப்பது மாதிரி. பட்டியலில் மொத்தம் 1,70,000 இனங்களுக்கு மேல் மதிப்பிட்டு, 48,000-க்கு மேல் அழிவாபத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அறிவியல் பெயர் வைத்த இனங்களே இருபது லட்சத்தைத் தாண்டும். பூச்சிகளில் பெரும்பாலானவற்றைத் தொடவே இல்லை.

கடைசியில் ‘அற்றுவிட்டது’ என்று எப்போது சொல்வது? கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் மிஞ்சக்கூடாது என்பது விதி. வாழக்கூடிய இடமெல்லாம், சரியான பருவத்தில், சரியான நேரத்தில் தேடியிருக்கவேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து, ஏனென்றால் அற்றுவிட்டது என்று எழுதிய மறுநாளே அந்தக் காட்டைக் காக்க யாருக்கும் காரணம் இருக்காது. பிலிப்பைன்ஸின் செபு தீவில் பூங்கொத்தி என்ற ஒரு சின்னப் பறவைக்கு அப்படி நடந்தது. தீவில் காடே இல்லை, பறவையும் போயிருக்கும் என்று முடிவுகட்டினார்கள். 1992-ல் மிச்சத் துண்டுக் காட்டில் உயிரோடு பார்த்தார்கள். உயிரோடு இருக்கும் ஜூலியட்டைச் செத்தவள் என்று ரோமியோ நம்பியதை வைத்து, இதற்கு ‘ரோமியோ பிழை’ என்றே பெயர். நம் பக்கத்தில் ஆந்திரத்தின் கடப்பை மாவட்டப் புதர்க்காட்டில் ஜெர்டான் கல்குருவி 1900 வாக்கில் மறைந்து, 1986-ல் மறுபடி கிடைத்தது. தேடிய ஆய்வாளர்களுக்கு வழி காட்டியது, இரவில் விளக்கு வைத்துப் பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர்கள்.

இலங்கையில் இன்னும் விசித்திரம். அங்கே மரத்தவளைகளில் ஏராளமானவற்றை, பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டும் இருக்கின்றன என்று, அற்றுவிட்ட பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அவற்றில் 1853-ல் விவரித்த ஒரு புள்ளித்தவளை 2009-ல் சிவனொளிபாத மலைக் காட்டில் கிடைத்தது. ஒன்றரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு சின்ன விளக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். சிவப்புப் பட்டியல் சட்டம் இல்லை. இந்தியாவில் தண்டனை தருவது 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அதன் அட்டவணைகள் வேறு. மயில் உலகப் பட்டியலில் கவலை குறைந்த இனம், நம் சட்டத்தில் முதல் அட்டவணை. நெல்லும் சோளமும் போட்ட விவசாயி மயிலைத் திட்டுவதும், வனத்துறை கைவைக்கக்கூடாது என்பதும் இரண்டு வேறு ஏட்டிலிருந்து வருகிறது.

அடுத்த முறை ராஜமலை போனால் மொத்தம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பத்துப் பெட்டைக்கு எத்தனை குட்டி என்று பாருங்கள், அந்த மலையைப் பற்றி அது அதிகம் சொல்லும். பிப்ரவரி, மார்ச்சில் போகாதீர்கள், ஈற்றுக்காலம் என்று பூங்காவை மூடியிருப்பார்கள்.